விளம்பரத்தை வெட்டாதீர்கள்: கௌபாய் தொடர்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கௌபாய் தொடர்களையும், அவற்றின் நடுவே வந்த சிகரெட், சோப்பு, கார் விளம்பரங்களையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லையோரத்து ஊர்களிலிருந்து. வளைகுடாவிலிருந்து வந்த காசெட், எஸ்டேட் கிளப்பில் மிஞ்சிய பிலிம் சுருள் என்று கையில் பொருளை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கேள்விகளுக்கு இந்த முறை கூடுதல் இடம் தருகிறோம்.

கே: என் மாமனார் 1980-களில் துபாயில் இருந்தபோது தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த 14 வீடியோ காசெட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. இரண்டில் ‘பொனான்சா’ என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டெக்கில் போட்டுப் பார்க்கலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

ப: இப்போது போடாதீர்கள். அது பூஞ்சை. நாடாவின் மேல்பூச்சில் இருக்கும் பிசினும் காற்றின் ஈரமும் அதற்குப் போதுமான தீனி. ஒரு முறை ஓட்டினால் டெக்கின் தலையில் அப்பிக்கொள்ளும். அதன் பிறகு அந்த டெக்கில் போடும் நல்ல காசெட்டுக்கும் தொற்றும். பூஞ்சை பிடித்த இடத்தில் நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், மோட்டார் இழுக்கிற வேகத்தில் கிழிந்தும் போகும்.

முதல் வேலை உலர்த்துவது. ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் இழுவிக்கொண்டு பரவும், காய்ந்த பூஞ்சை பொடியாக உதிரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு காசெட்டுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். வெயிலில் காயவைக்க வேண்டாம், கூடு வளைந்துவிடும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி மாவு பூஞ்சைக்கு விருந்து.

பிறகு வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு காசெட்டைத் திறங்கள். அடிப்பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். முதுகில் ஒட்டிய லேபிள் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருந்தால் பிளேடால் கீறிவிடுங்கள், உரித்தெறியாதீர்கள். என்றைக்கு, எந்தச் சேனலில் பதிவானது என்பதற்கு அந்தக் கையெழுத்து ஒன்றுதான் சாட்சி. மேல்மூடியைத் தூக்கியதும் நாடா போகும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பிரிங் ஒன்று தெறித்து ஓடும் என்பதால் கீழே வெள்ளைத் துணி விரித்திருப்பது நல்லது.

மூன்று மணி நேரம் ஓடும் ஈ-180 காசெட்டில் சுமார் 258 மீட்டர் நாடா உண்டு. பஞ்சு உதிராத மைக்ரோபைபர் துணியை மடித்து நாடாவை இரண்டு பக்கமும் தொடும்படி லேசாகப் பிடித்து, ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துணியின் அழுக்கான மடிப்பை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு காசெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் விளிம்பு மடிந்து, அந்த மடிப்பு கடைசி வரை படத்தில் கோடாகத் தெரியும். சுருளின் பக்கவாட்டையும் கூட்டையும் மட்டும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் இருக்கும், அது ஆகாது. பழைய கூடு பூஞ்சையோடு இருந்தால், வேண்டாத காசெட் ஒன்றின் கூட்டுக்குள் சுருளை மாற்றிவிடுங்கள்.

டெக்கையும் கவனியுங்கள். இருபது வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் பிசுபிசுத்துப் போயிருக்கும், நாடாவை அழுத்தும் உருளை கல்லாகியிருக்கும். போனால் போகட்டும் என்கிற காசெட் ஒன்றை முதலில் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். தலையைச் சுத்தம் செய்யும்போது மான்தோல் துணி சுற்றிய குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, தலை பொருந்திய உருளை சுழலும் திசையிலேயே கிடையாக ஒற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலையின் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, நூல் சிக்கிக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். 14 காசெட்டில் கௌபாய் எபிசோடு இரண்டில்தான் இருக்கிறது என்று மற்றவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த எபிசோடுகள் இன்று குறுந்தகடாகவும் கிடைக்கும். அன்றைய வளைகுடாச் சேனலில் அவற்றின் நடுவே வந்த விளம்பரங்கள் உங்கள் மாமனாரின் காசெட்டில் மட்டுமே இருக்கலாம்.

கே: சவூதியிலிருந்து வந்த காசெட் ஒன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த காசெட் ஒன்று. இரண்டும் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகின்றன. இரண்டாவதில் குரலும் பூதம் பேசுவது போல் இருக்கிறது. நாடா கெட்டுவிட்டதா? (மீனாட்சிபுரம், சிற்றூர் வட்டம்)

ப: நாடா கெடவில்லை, முறைதான் வேறு. இந்தியாவிலும் துபாய், குவைத், ஓமான் ஆகிய இடங்களிலும் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை: 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். சவூதியில் சீகாம். அதற்கும் 625 கோடுதான், வண்ணத்தைக் குறியேற்றும் விதம் மட்டும் வேறு. அதனால் சவூதிக் காசெட் நம் டெக்கில் ஆடாமல் அசையாமல், வண்ணம் மட்டும் இல்லாமல் ஓடும். அமெரிக்கக் காசெட்டில் நாடா ஓடும் வேகமே வேறு: அவர்களுடையது நொடிக்கு 33.35 மில்லிமீட்டர், நம்முடையது 23.39. மெதுவாக ஓட்டினால் குரல் தடிக்கத்தானே செய்யும்?

மூன்று முறைகளும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகளில் பல அந்த வகைதான். முன்பக்க மூடிக்குள்ளோ பின்பக்கத்திலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தேடிப் பாருங்கள். காசெட்டின் மேல் டி-120 என்றோ ஈ-180 என்றோ இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது வெற்று நாடாவின் நீளத்துக்கான குறி. எந்த டெக்கில் பதிவானதோ அந்த டெக்கின் முறைதான் நாடாவில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நிகழ்ச்சியே கறுப்பு வெள்ளையாக இருக்கலாம். ‘கன்ஸ்மோக்’ 1955-இல் தொடங்கி 1966-இல்தான் வண்ணத்துக்கு வந்தது. ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் 1956–57-இன் கடைசிப் பருவம் மட்டும் வண்ணம். ‘பொனான்சா’ 1959-இன் முதல் எபிசோடிலிருந்தே வண்ணம். ஆகவே பொனான்சா கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் குறை டெக்கில். சந்தேகம் இருந்தால் விளம்பரம் வரும் வரை ஓட்டிப் பாருங்கள். எண்பதுகளில் பதிவான நாடாவில் தொடர் கறுப்பு வெள்ளையாகவும் விளம்பரம் வண்ணத்திலும் வந்தால் டெக் சரியாகவே வேலை செய்கிறது.

கே: காசெட்டைக் கணினிக்கு மாற்ற என்ன வாங்க வேண்டும்? என் மகன் விளம்பரங்களை வெட்டிவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், இடம் மிச்சமாகும் என்கிறான். (ஆரியங்காவு)

ப: மகனிடம் இடத்தின் கணக்கைச் சொல்லுங்கள். பால் காசெட்டை 720 x 576 அளவில் துளியும் இழப்பில்லாமல் பதிந்தால் மணிக்கு 30 முதல் 40 ஜிபி ஆகும். DV எனப்படும் டிஜிட்டல் வீடியோ வடிவம் என்றால் 13 ஜிபி. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் பத்து நிமிடம் இருந்தாலும் மிச்சமாவது ஏழு ஜிபிக்குள்தான். அதற்காக வெட்டலாமா? அந்தக் காலத்தில் பதிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் விளம்பரம் வந்ததும் பாஸ் பட்டனை அழுத்தியவர்கள். அழுத்த மறந்தவர்களின் காசெட்டில்தான் விளம்பரம் பிழைத்திருக்கிறது.

வேண்டியவை: நல்ல டெக், வீடியோ கேப்சர் கருவி, இடையில் நேரப்பிழை திருத்தும் கருவி. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாடா இழுபடுவதாலும் சுருங்குவதாலும் ஒவ்வொரு கோடும் சரியான நொடியில் தொடங்காது; செங்குத்தான கதவு நிலை மேல்பக்கம் வளைந்து கொடி போல் ஆடும். பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காமல் படங்களைக் கைவிடும், அரைமணி நேரத்தில் வாயசைவும் குரலும் பிரிந்துவிடும். தனியாகத் திருத்தும் கருவி விலை அதிகம். டிவிடி ரெக்கார்டர்கள் சிலவற்றில் அந்த வேலை செய்யும் சில்லு உண்டு. டெக்குக்கும் கேப்சருக்கும் நடுவே அதை இணைத்து, அதன் வழியாகப் படத்தைக் கடத்தினாலே போதும். பானாசோனிக் ஈஎஸ்10 இதற்காகவே இன்றும் தேடி வாங்கப்படுகிறது.

கேப்சர் கருவியை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். கோடுகளைப் பின்னிப் பின்னி வரும் பழைய முறையிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். பின்னலைப் பிரிப்பது, புள்ளிகளை அழிப்பது, வண்ணம் கூட்டுவது எல்லாம் பிரதியில்தான். கைபேசியில் பார்க்கும் பிரதிக்கு எச்.264 என்ற சுருக்கும் முறை போதும். மூலக் கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் இருக்க வேண்டும்.

வெட்டுவதற்குப் பதில் மகனை ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள்: விளம்பரம் தொடங்கும் நிமிடமும் நொடியும், நீளம், பொருள், மொழி, திரையில் தெரியும் விலை, தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம். காசெட்டின் ஆண்டைக் கண்டுபிடிக்கத் தொடரை விட விளம்பரம் உதவும். தொடர் மறு ஒளிபரப்பாக இருக்கலாம், சோப்பின் விலை அன்றைய விலைதான். நம் ஊர் விளம்பரத்தில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 90-களுக்கு முந்தையது.

கே: கதாநாயகனே குதிரையை விட்டு இறங்கி சிகரெட் பற்றவைத்து ‘இதை வாங்குங்கள்’ என்பது ஏன்? நடிப்புக்கு இடையில் இப்படிச் செய்ய நடிகர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்? (நகரி)

ப: அன்றைய ஏற்பாட்டில் நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது சேனல் மட்டும் அல்ல. 1950-களில் ஒரு கம்பெனியோ அதன் விளம்பர நிறுவனமோ தொடரின் செலவைத் தாங்கி, அந்த அரைமணி நேரத்தையே வாங்கிக்கொள்ளும். வானொலிக் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. தொடரின் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்தே பார்ப்பவர் மனத்தில் பதிய வேண்டும் என்பதால், நாயகனே பொருளைக் கையில் எடுப்பது ஒப்பந்தத்தின் பகுதியாக இருந்தது. ‘கன்ஸ்மோக்’ எல் அண்ட் எம் சிகரெட்டோடு வந்தது. 1958 முதல் 1961 வரை ஓடிய ‘வான்டட்: டெட் ஆர் அலைவ்’ நாயகன் ஸ்டீவ் மெக்வீன் வைஸ்ராய் சிகரெட்டுக்கு வந்தார். ‘வேகன் டிரெய்ன்’ வண்டித் தொடர் ஓட்டியவர்களுக்கு ஃபோர்டு கார்.

அரைமணி நேரத் தொடர் ஏறக்குறைய 26 நிமிடம். தொடக்கத்தில் ‘வழங்குவோர்’ அட்டை, நடுவே ஒவ்வொரு நிமிடமாக விளம்பரம், கடைசியில் மறுபடி அட்டை. செலவு ஏறியதும் இரண்டு கம்பெனிகள் வாரம் மாற்றி வாரம் பங்கு போட்டுக்கொண்டன. இந்த வாரம் முறை இல்லாத கம்பெனிக்கும் ஒரு நிமிடம் விட்டுக்கொடுப்பார்கள், தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று. ஒரே எபிசோடின் இரண்டு பிரதிகளில் கடைசி அட்டை வேறு வேறாக இருப்பது இதனால்தான். ஒன்று போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

1958-59-இல் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த மோசடி வெளியானது. பிறகு நிகழ்ச்சியின் பிடியைச் சேனல்களே எடுத்துக்கொண்டன. ஒரு மணி நேரத் தொடரின் செலவும் ஒரே கம்பெனியால் தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. பல கம்பெனிகள் நிமிடக் கணக்கில் இடம் வாங்கும் இன்றைய முறை அப்படி நிலைத்தது. நாயகன் விற்பனை செய்வதும் மெல்ல மறைந்தது. தொடர்களை உள்ளூர் நிலையங்களுக்கு மறு விற்பனை செய்தபோது பழைய அட்டைகளையும் நாயகன் பேசிய விளம்பரங்களையும் நீக்கிவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் பிரதிகள் பெரும்பாலும் அந்த நீக்கப்பட்டவைதான். சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அடியோடு தடை செய்யப்பட்டது. புத்தாண்டு நாள் கால்பந்து ஆட்டங்களில் கடைசியாக ஒரு தடவை விளம்பரம் செய்துகொள்ளட்டும் என்று ஒரு நாள் தள்ளி வைத்தார்கள்.

பொனான்சாவின் கணக்கு வேறு. அதை ஒளிபரப்பிய என்பிசி அன்று ஆர்சிஏவின் சேனல். ஆர்சிஏ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி செய்து விற்றது. தாகோ ஏரியின் நீலத்தையும் பைன் காட்டின் பச்சையையும் வீட்டுக்குள் காட்ட ஒரு தொடர் தேவைப்பட்டது. தொடரே பெட்டிக்கு விளம்பரம்! 1961-இல் அது ஞாயிறு இரவுக்கு மாறியபோது செவ்ரோலே கார் வந்து சேர்ந்தது; கதையில் வரும் கார்ட்ரைட் குடும்பத்து நடிகர்களே அந்தக் கார்களைக் காட்டினார்கள்.

பொருளும் கதையும் இழையோடு இழையாகச் சேர்ந்தது ‘டெத் வேலி டேஸ்’ தொடரில்தான். வானொலியில் 1930-இலும் தொலைக்காட்சியில் 1952-இலும் தொடங்கி 1970 வரை ஓடியது. பொருள் வெண்காரம். நம் ஆசாரிமார் பொடி வைத்து ஊதும்போது தொட்டுக்கொள்கிறார்களே, அதே வெண்காரம். அங்கே துணி வெளுக்கவும் கை கழுவவும் டப்பாவில் விற்றார்கள். டப்பாவின் மேல் ‘20 மியூல் டீம்’ என்று இருக்கும். 1883 முதல் 1889 வரை கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து மோஹாவே ரயிலடி வரை 165 மைல் வெண்காரம் இழுத்த வண்டிகளின் பெயர் அது. உண்மையில் பூட்டியது 18 கோவேறு கழுதை, 2 குதிரை. கதை நடக்கும் பாலைவனமும் டப்பாவுக்குள் இருக்கும் பொருள் தோண்டிய பாலைவனமும் ஒன்றே. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1964-65-இல் இதை வழங்கினார், போராக்சோ கை கழுவும் பொடியையும் விற்றார். இந்த விளம்பரத்தை வெட்டினால் எபிசோடில் பாதி போய்விடும் என்பது எங்கள் முடிவு.

நம் ஊரில் இதற்கு நெருக்கமானது 1984 ஜூலை 7-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’. தூர்தர்ஷன் 1976-இலிருந்தே விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தாலும், ஒரு கம்பெனி ஆதரவில் வந்த முதல் நீண்ட தொடர் இதுதான். 156 எபிசோடு, பொருள் மேகி இரண்டு நிமிட நூடுல்ஸ்.

கே: மூடப்பட்ட எஸ்டேட் கிளப்பின் சாமான்களோடு ஆக்ரி (பழைய சாமான்) கடைக்கு வந்த 16 மி.மீ. சுருள் ஒன்றை வாங்கினேன். டின்னைத் திறந்தால் காடி நெடி அடிக்கிறது. ஆரம்பத்தில் குதிரையும் தொப்பிக்காரரும் தெரிகிறார்கள், எல்லாம் ரோஸ் நிறமாக இருக்கிறது. புரொஜக்டரில் ஓட்டலாமா? (மூணாறு)

ப: ஓட்ட வேண்டாம். அந்த நெடி அசிட்டிக் அமிலம். பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைகிறது. வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும், பக்கத்துச் சுருளையும் பிடிக்கும். டின்னை இறுக மூடாமல், ஓட்டை உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மற்ற சுருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் ஊர்க் குளிர் நல்லது, மழைக்கால ஈரம் கெட்டது. பயப்பட வேண்டாத விஷயமும் ஒன்று உண்டு: 16 மி.மீ. பிலிம் தீப்பற்றும் நைட்ரேட்டில் செய்யப்பட்டதல்ல.

சுருங்கிய பிலிமின் துளைகள் புரொஜக்டரின் பல்லில் சரியாக உட்காராது, வரிசையாகக் கிழியும். வெள்ளைத் துணி விரித்த மேசையில் கையுறையோடு, கையால் பிரித்துப் பாருங்கள். பிலிம் படகு போல் குழிந்தோ விளிம்பு அலை அலையாகவோ இருந்தால் சிதைவு முற்றிவிட்டது என்று பொருள். ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பல்சக்கரம் இல்லாமல் உருளையில் இழுக்கும் ஸ்கேனர் உள்ள இடமாகக் கேளுங்கள்.

நீளத்தை அளந்தால் என்ன இருக்கிறது என்று தெரியும். 16 மி.மீ.யில் ஒரு அடிக்கு 40 படம், நொடிக்கு 24 படம். ஆக நிமிடத்துக்கு 36 அடி. 400 அடிச் சுருளில் 11 நிமிடம். அரைமணித் தொடரின் முழுப் பிரதி 930 அடிக்கு மேல் இருக்கும். நடுவே ஒட்டு வந்து, 36 அடி கழித்து மறுபடி ஒட்டு வந்தால் அது ஒரு நிமிட விளம்பரம் செருகிய இடம். வெறும் கறுப்புப் பிலிம் இருந்தால் விளம்பரத்துக்கு விட்ட இடம், அல்லது யாரோ எடுத்துவிட்ட இடம். பழைய செலோடேப் ஒட்டுகள் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருக்கும். இழுக்காமல் மெதுவாகப் பிரியுங்கள்.

கோடாக் பிலிமாக இருந்தால் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். ஒற்றை வட்டம் 1956, ஒற்றைச் சதுரம் 1957, ஒற்றை முக்கோணம் 1958. இருபது ஆண்டுக்கு ஒரு முறை அதே குறி திரும்ப வரும், எனவே ஒற்றை வட்டம் 1976-ஆகவும் இருக்கலாம். அது பிலிம் செய்த ஆண்டு, படம் எடுத்த ஆண்டு அல்ல.

ரோஸ் நிறத்துக்குக் காரணம், அன்றைய ஈஸ்ட்மன் வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவது. பிலிமில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஸ்கேன் செய்த கோப்பில் ஓரளவு சரிசெய்யலாம். சுருளின் நடுவே கறுப்பு வெள்ளை விளம்பரம் ஏதும் ஒட்டியிருந்தால் அது வெள்ளியால் ஆனது, நிறம் மாறாமல் பளிச்சென்று இருக்கும்.

கே: பாறசாலையில் எண்பதுகளில் உயரமான ஆன்டெனா வைத்து இலங்கை ரூபவாஹினியில் ஆங்கிலத் தொடர் பார்ப்போம். சில இரவு கண்ணாடி போல், சில நாள் வெறும் இரைச்சல். ஆன்டெனாவைத் திருப்பியும் பயன் இருக்காது. ஏன்?

ப: ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து அலை நேராகப் போனால் கடல்மட்டத்தில் சுமார் 200 கிலோமீட்டர் வரை எட்டும். பாறசாலை 400 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நீங்கள் பார்த்தது நேராக வந்த அலை அல்ல. காற்று அடங்கிய இரவுகளில் கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் வெப்பமான வறண்ட காற்றும் படுக்கையாக அடுக்கி நிற்கும். அந்த இரண்டு அடுக்குக்கு நடுவே அலை குழாய்க்குள் போவது போல் வளைந்து வரும். காற்று பலமாக வீசினால் அடுக்கு கலைந்துவிடும், படமும் போய்விடும். ஆன்டெனாவில் குற்றமே இல்லை.

அப்படி ஒரு இரவில் பதிவு செய்த காசெட் வைத்திருந்தால், புள்ளி நீக்கும் மென்பொருளை அளவாகப் பயன்படுத்துங்கள். விளம்பரத்தின் அடியில் வரும் சின்ன சிங்கள, தமிழ் எழுத்துகளைத்தான் அது முதலில் தின்னும்.

கே: தெலுங்கில் கிருஷ்ணா நடித்த கௌபாய் படம் இந்தத் தொடர்களைப் பார்த்து எடுத்ததுதானே? (புத்தூர்)

ப: இல்லை. 1971-இல் வந்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்களின் வழியில் வந்தது. தமிழிலும் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று ஓடியது. அமெரிக்கத் தொடரின் நாயகன் சவரம் செய்த முகத்தோடு குடும்பத்துக்கு நடுவே நிற்பவர். பக்கத்தில் சோப்பும் காலை உணவும் விற்க வேண்டுமே. இத்தாலியப் படத்தின் நாயகனுக்கு விளம்பரதாரர் கிடையாது. தாடி, அழுக்கு, புதையல் ஆசை எல்லாம் அங்கிருந்து வந்தவை.

கே: ஓட்ஸ் வாங்கினால் கனடாவில் ஒரு சதுர அங்குல நிலம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. அந்தப் பத்திரம் யாரிடமாவது இருந்தால் செல்லுமா? அணுகுண்டு மோதிரம் என்று ஒன்று உண்டாமே, அதுவும் உண்மையா? (வேலந்தாவளம்)

ப: இரண்டும் உண்மை. 1955-இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி ‘சார்ஜன்ட் பிரஸ்டன்’ தொடரின் விளம்பரமாக யூகானில் 19.11 ஏக்கர் வாங்கி, சதுர அங்குலம் சதுர அங்குலமாகப் பத்திரம் அச்சிட்டது. பொரி கோதுமை, பொரி அரிசி டப்பாக்களோடு போன பத்திரம் 2 கோடியே 10 லட்சம். நம் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட் நிலத்தில் 62,726 சதுர அங்குலம். அவர்கள் கொடுத்த அத்தனையும் சேர்ந்து 335 சென்ட்கூட வராது. கையிலிருந்ததோ 1,911 சென்ட். பத்திரம் எதுவும் பதிவு செய்யப்படவில்லை. 1965-இல் 37 டாலர் 20 சென்ட் வரி பாக்கிக்காக நிலம் கனடா அரசிடம் போயிற்று. இன்று அது சேகரிப்பவர்களுக்கான காகிதம், நிலம் அல்ல. அச்சானது கோடிக்கணக்கில் என்பதால் அரிய பொருள் என்று யாராவது பெரிய விலை சொன்னால் வாங்காதீர்கள்.

மோதிரம் 1947-இல், ‘லோன் ரேஞ்சர்’ வானொலியில் இருந்த காலத்தில் வந்தது. கிக்ஸ் என்ற காலை உணவு டப்பாவின் மேல்மூடியும் 15 சென்ட் காசும் அனுப்பினால் கிடைக்கும். மோதிரத்தின் மேல் இருக்கும் குட்டிக் குண்டின் வாலைக் கழற்றி இருட்டில் கண்ணோடு வைத்துப் பார்த்தால் பொறி பொறியாக மின்னும். உள்ளே பொலோனியம் 210 கொஞ்சூண்டு. அது உமிழும் துகள் திரையில் மோதும்போது பொறி. பொலோனியத்தின் அரையாயுள் 138 நாள். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் பாதியாகி, எழுபது ஆண்டுக்கு மேல் ஆனபின் அதில் எதுவும் மிச்சமில்லை. இன்றைக்கு மின்னுகிற மோதிரம் என்று சொல்லி விற்றால் அது அந்த மோதிரம் அல்ல.

கே: எங்கள் வாசகசாலையில் பழைய கௌபாய் எபிசோடுகளை விளம்பரங்களோடு திரையிட விரும்புகிறோம். சிறுவர்களும் வருவார்கள். என்ன கவனிக்க வேண்டும்? (குமுளி)

ப: உரிமை முதலில். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1950-களின் எபிசோடுகள் அந்தக் கணக்கைத் தாண்டியவை. பின்னணி இசைக்கு உரிமை தனியாக இருக்கலாம். நம்பகமான பதிப்பிலிருந்து எடுங்கள், யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள்.

சிகரெட் விளம்பரத்தைப் பொதுத் திரையிடலில் போடக் கூடாது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் அந்த விளம்பரங்களைத் தடை செய்கிறது. திரையிடும் பிரதியில் மட்டும் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் திரையில் ‘இங்கே ஒரு நிமிட சிகரெட் விளம்பரம் இருந்தது’ என்று எழுதுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். சிறுவர்கள் வருவதால் செவ்விந்தியர்களைத் தொடர்கள் காட்டிய விதம் தவறு என்பதையும் தொடங்கும் முன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

வெண்கார விளம்பரம், கார் விளம்பரம், பொரி டப்பா விளம்பரம் எல்லாம் இருந்த இடத்திலேயே ஓடட்டும். படம் 4:3 வடிவத்தில்தான் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) இருக்க வேண்டும், அகலத் திரைக்கு இழுத்தால் குதிரை ஆட்டுக்கடா போல் தடித்துவிடும். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். விளம்பரம் வந்ததும் இடைவேளை என்று நினைத்து யாராவது விளக்கைப் போட எழுந்திருப்பார்கள்; சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துவிடுங்கள்.